குமிழித் திரை: கடலடிக் குண்டுகளை வெடிக்கும்போது உயிர்களைக் காக்கும் சேவைக்கு எத்தனை மதிப்பெண்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் போரின் குண்டுகள் மட்டும் கடலடியில் இன்னும் கிடக்கின்றன. ஜெர்மனிக்கு உட்பட்ட வடகடல், பால்டிக் கடல் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் டன் வெடிபொருள் இருப்பதாகக் கணக்கு. விமானங்கள் போட்டு வெடிக்காமல் போனவை அதில் சிறு பங்குதான். 1945-க்குப் பிறகு படகு படகாக ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவையே பெரும்பங்கு. குறித்த இடம் வரை போகாமல் வழியிலேயே தள்ளிவிட்டுத் திரும்பிய படகுகளும் உண்டு. அதனால்தான் வரைபடத்தில் இல்லாத இடங்களிலும் குண்டு அகப்படுகிறது.

காற்றாலை நட, கேபிள் புதைக்க, கப்பல் பாதை ஆழப்படுத்த என்று இறங்கும்போது இப்படி ஒரு குண்டு குறுக்கே வரும். எடுக்க முடியாது, இங்கேயே வெடிக்க வேண்டியதுதான் என்று நிபுணர் சொல்லிவிட்டால், அடுத்து அழைக்கப்படுவது குமிழித் திரைக் குழு. கடலடியில் துளையிட்ட குழாயை வளையமாக இறக்கி, கப்பலிலிருந்து காற்றை அழுத்திக் குமிழிகளால் ஒரு சுவர் எழுப்புவார்கள். வெடியின் அதிர்ச்சி அலை அந்தச் சுவரில் பட்டு வலு இழக்கும். இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது: எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை, எங்கே சொதப்புகிறது, ஒப்பந்தம் போடுபவர் என்ன கேட்க வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல கருவி, சரியாக இறக்கினால் உயிர் காக்கும். ஆனால் பட்டியலில் இதன் இடம் மூன்றாவது. முதலில் குண்டை எடுக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வெடிக்க விடாமல் எரித்துத் தீர்க்கப் பார்க்க வேண்டும். இரண்டும் முடியாதபோதுதான் குமிழித் திரைக்குள் வெடி. பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. "திரை போட்டாயிற்றே, இனி வெடிக்கலாம்" என்று அதையே அனுமதிச் சீட்டாக்கிவிடுகிறார்கள்.

திரை இல்லாமல் வெடித்தால்

2019 ஆகஸ்ட் 28 முதல் 31 வரை, பால்டிக்கின் ஃபெமார்ன் பெல்ட் பகுதியில், நேட்டோ கடற்படைப் பயிற்சியின்போது 42 பிரிட்டிஷ் கண்ணிவெடிகள் வெடிக்கப்பட்டன. அது இயற்கைக் காப்பகம். குமிழித் திரை போடவில்லை. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை அந்தக் கரையோரம் இறந்து ஒதுங்கிய கடற்பன்றிகளில் 24 உடல்களைக் கால்நடை நோயியலாளர்கள் அறுத்துப் பார்த்தார்கள். கடற்பன்றி என்பது ஹார்பர் பார்பாய்ஸ். ஓங்கிலுக்கு நெருங்கிய உறவு, உருவத்தில் சிறியது, முகம் மழுங்கியது.

காதெலும்பை நுண் சி.டி. ஸ்கேனில் வைத்தபோது தெரிந்ததுதான் நெஞ்சை அறுப்பது. நடுக்காதின் சுத்தி எலும்பில் மயிரிழை விரிசல்கள். காதுச் சிற்றெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. ஒலியை உள்காதுக்குக் கடத்தும் தாடைக் கொழுப்பிலும், நெற்றியில் இருக்கும் கொழுப்புத் திரளிலும் இரத்தக் கசிவு. 24-இல் 8 உடல்களில் இந்த அடையாளங்கள் இருந்தன. வலையில் சிக்கி இறந்த ஒன்றிலும், மோதி அடிபட்ட இன்னொன்றிலும்கூட வெடிக் காயம் தென்பட்டது. வலையில் சிக்கியதற்கு வலையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கடற்பன்றி ஏறக்குறைய 130 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டுத்தான் வலையையும் மீனையும் அறிகிறது. காது போனால் அதற்குக் கண் போன மாதிரி.

அந்த நான்கு நாளில் இன்னொரு பிழையும் உண்டு. பால்டிக்கில் கடற்பன்றி குட்டி ஈனுவது கோடையில். ஆகஸ்டில் குட்டி தாய்ப்பாலை நம்பி இருக்கும். தாயின் காது போனாலும், தாயும் குட்டியும் பிரிந்தாலும், குட்டி பிழைப்பது அரிது. குமிழித் திரை இந்தப் பிழையைத் திருத்தாது. நாட்காட்டியைப் பார்த்து வேலை வைத்தால்தான் திருந்தும்.

எவ்வளவு தூரம் ஆபத்து

சேவையை எடைபோட ஒரு கணக்கு தேவை. 300 கிலோ டி.என்.டி. (குண்டுகளில் நிரப்பும் வெடிமருந்து) வெடித்தால் 750 மீட்டர் தொலைவில் உச்ச அழுத்தம் சுமார் 250 கிலோபாஸ்கல், அதாவது 228 டெசிபல். நீரடி வெடிகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சூத்திரம் தருகிற எண் இது. கடற்பன்றிக்கு நிரந்தரச் செவிப் பாதிப்பு தொடங்குவதாக வைக்கப்பட்டிருக்கும் உச்ச அழுத்த வரம்பு 202 டெசிபல். இதே சூத்திரத்தில் அந்த வரம்புக்கு இறங்க ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். ஆழம் குறைந்த கடலில் மேற்பரப்பும் தரையும் அலையைச் சிதைப்பதால் உண்மைத் தொலைவு மாறும். ஆனாலும் பேச்சு கிலோமீட்டர்களில்தான்.

இப்போது திரையைப் போடுங்கள். உச்ச அழுத்தத்தில் 10 டெசிபல் குறைந்தால் ஆபத்து வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 10 கிலோமீட்டர் இருந்தது 4-க்குள் வரும். பரப்பு எட்டில் ஒரு பங்காகும். 15 டெசிபல் குறைந்தால் பரப்பு இருபதில் ஒரு பங்கு. இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது: எட்டு உயிர் அடிபட வேண்டிய இடத்தில் ஒன்று. இதைக் குறைத்துப் பேச மாட்டோம். அதே சமயம் அந்த நான்கு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யாமல் பொத்தானை அழுத்தலாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கவும் மாட்டோம்.

எப்படி வேலை செய்கிறது

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நீரில் ஒரு சில விழுக்காடு காற்றுக் குமிழி கலந்தாலே அந்த வேகம் நூறு மீட்டர் அளவுக்கு விழுந்துவிடும். வேகம் திடீரென்று மாறும் எல்லையில் அலை பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. உள்ளே நுழைந்த மிச்சத்தைக் குமிழிகள் சுருங்கி விரிந்து, வெப்பமாகவும் சிதறலாகவும் கரைக்கின்றன.

ஒவ்வொரு குமிழிக்கும் தனக்கே உரிய ஒரு சுருதி உண்டு. மேற்பரப்பு அருகே 1 மில்லிமீட்டர் ஆரக் குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் அதிரும். 30 மீட்டர் ஆழத்தில் அதே அளவுக் குமிழி இரண்டு மடங்கு சுருதியில். தன் சுருதியிலும் அதற்கு மேலும் வரும் ஒலியைக் குமிழி நன்றாக விழுங்கும். 100 ஹெர்ட்ஸுக்கு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கு மேல் குமிழி வேண்டும். அவ்வளவு பெரியது எழும்பும் வழியிலேயே உடைந்துவிடும். ஆகவே திரை கூரிய, உயர் அதிர்வெண் பகுதியை நன்றாகத் தடுக்கும். அடித்தொண்டை அதிர்வைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

இதன் விளைவை விற்பவர்கள் சொல்வதில்லை. உயர்ந்த சுருதியில் கேட்கும் கடற்பன்றிக்குத் திரை நல்ல காவல். காட் மீனுக்கு அப்படியில்லை. அது கேட்பது சில நூறு ஹெர்ட்ஸுக்குள், அதன் நீந்துபை நொறுங்குவதற்கு மெதுவாக நீளும் அழுத்தமே போதும். "கடல்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பு" என்று மொத்தமாக எழுதியிருந்தால், எந்த உயிருக்கு என்று கேளுங்கள். வளையத்துக்கு உள்ளே இருக்கும் எதற்கும் பாதுகாப்பு இல்லை. உள்ளே கடற்புல் இருந்தால் அது குழியாகும், தரை மீன் இருந்தால் சாகும்.

உபகரணம்: எதைப் பார்க்க வேண்டும்

நல்ல குழு கொண்டுவரும் பொருட்கள் பார்வைக்குச் சாதாரணமானவை. கனத்த ரப்பர் அல்லது பாலிஎத்திலீன் குழாய், அதில் 20–30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, துளை 1 முதல் 2 மில்லிமீட்டர். மிதந்துவிடாமல் இருக்கக் கூடவே சங்கிலி. இறக்க வின்ச் உள்ள கப்பல். பிறகு கம்ப்ரசர்கள், வரிசையாக.

கம்ப்ரசர் எண்ணிக்கையில்தான் கஞ்சத்தனம் நுழையும். மீட்டர் குழாய்க்கு நிமிடத்துக்கு குறைந்தது அரை கன மீட்டர் காற்று என்பது காற்றாலைத் தூண் அடிக்கும் வேலைகளில் நிலைபெற்ற அளவு. 80 மீட்டர் ஆரத்தில் வளையம் போட்டால் சுற்றளவு 500 மீட்டர். நிமிடத்துக்கு 250 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு கம்ப்ரசர் 40 கன மீட்டர் தருவதென்றால் ஏழு ஓட வேண்டும், எட்டாவது ஒன்று கைவசம் இருக்க வேண்டும். நான்கைக் கொண்டுவந்து "போதும்" என்பார்கள். மேலே நுரை பார்க்க அழகாக வட்டமாகத்தான் தெரியும். ஏன் என்றால் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு வளிமண்டலம்; அங்கே காற்றின் கன அளவு நான்கில் ஒரு பங்கு. குமிழி மேலே வரவர விரிந்து நுரை பெருகும். நுரை வட்டத்தைப் பார்த்துத் திரை நிற்கிறது என்று முடிவு கட்டுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. திரை மெலிந்திருப்பது அடியில். குண்டு இருப்பதும் அடியில்தான்.

அழுத்தம் இன்னொன்று. குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியே இருக்கும் நீரழுத்தத்தைவிடக் குறைந்தது 3 பார் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே உள்ள வளிமண்டலத்தைச் சேர்க்காமல், 30 மீட்டரில் நீர் மட்டும் தரும் அழுத்தம் 3 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). ஆக, குழாயின் கடைசித் துளையில் 6 பார். வழி இழப்பையும் சேர்த்துக் கம்ப்ரசர் அதற்கு மேல் தர வேண்டும். ஒரு முனையிலிருந்து மட்டும் காற்று ஊட்டினால் முதல் நூறு மீட்டர் கொதிக்கும், கடைசி நூறு மீட்டர் முனகும். இரு முனையிலிருந்தும் ஊட்டச் சொல்லுங்கள். துளையைப் பெரிதாக்கி ஈடுகட்டலாம் என்பது தவறான யோசனை. பெரிய துளை முன்பகுதியிலேயே காற்றைத் தின்றுவிடும்.

எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எண்ணெய் பூசிய கம்ப்ரசர் ஒவ்வொரு குமிழியோடும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கடலில் விடும். காப்பாற்ற வந்த கருவியே கடலில் எண்ணெய் விடுவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது.

இரட்டைத் திரை என்று கேட்டால், இரண்டு வளையங்களுக்கும் இடையே நீரின் ஆழத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். நெருக்கிப் போட்டால் இரண்டு குமிழி மேகங்களும் மேலே ஒன்றாகிவிடும். இரண்டு சுவர் போட்டு ஒரு சுவரின் பலன்தான் கிடைக்கும்.

எங்கே சொதப்புகிறது

நீரோட்டம்தான் முதல் எதிரி. குமிழி மேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.3 மீட்டர் எழும்பும். 30 மீட்டர் ஏற 100 நொடி. நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் என்றால், மேலே வருவதற்குள் குமிழி 50 மீட்டர் நகர்ந்திருக்கும். நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தில் 30 மீட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டிய சுவர் 58 மீட்டர் சாய்வில் படுத்துவிடுகிறது. அதே காற்று, இரட்டைப் பரப்பு. நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டர் ஆனால் சாய்வு 104 மீட்டர். அது சுவர் இல்லை, கிழிந்த துணி. ஏற்றவற்றம் உள்ள கடலில் நீர் நின்று திரும்பும் அந்தச் சிறு இடைவேளைக்கு வெடியை வைக்க வேண்டும். கப்பல் வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது அந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

இரண்டாவது, மணல். இறக்கியதும் துளைகளில் சேறு புகும். சில துளை அடைத்தால் பரவாயில்லை. தொடர்ந்து பத்து மீட்டர் அடைத்தால் சுவரில் வாசல். இறக்கிய உடனே முழு அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்து, வெடிக்கும் முன் குறைந்தது 10 நிமிடமாவது சீராக ஓட விட வேண்டும். குழாயை ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு அப்படியே சுருட்டி எடுத்துப் போகும் குழுக்களில் துளை அடைப்பு நிச்சயம். தளத்துக்கு வரும் முன் கப்பல் மேல்தளத்திலேயே விரித்து ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தரை வழி. வெடியின் ஒரு பகுதி கடலடி மண்ணுக்குள் இறங்கி, திரைக்கு அடியில் நுழைந்து, வெளியே மீண்டும் நீருக்குள் எழும். இதைக் குமிழி தடுக்காது.

நான்காவது, ஆழம். 40 மீட்டர் வரை அனுபவம் திரண்டிருக்கிறது. அதற்கு மேல் போகப் போகக் காற்று பன்மடங்கு தேவைப்படும், சாய்வும் கூடும். ஆழ்கடலில் இதே வாக்குறுதியைத் தருபவரை நம்ப வேண்டாம்.

போர் நடந்துகொண்டிருக்கும் கடலுக்கு இது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 முதல் கருங்கடலில் புதிய கண்ணிவெடிகள் மிதக்கின்றன. பீரங்கி எட்டும் தொலைவில் கம்ப்ரசர் கப்பலை மணிக்கணக்கில் நிறுத்தி வளையம் போட யாராலும் முடியாது. அங்கே ஓங்கில்களுக்கும் கடற்பன்றிகளுக்கும் கேடயம் எதுவும் இல்லை.

விரட்டும் கருவி: கூடவே வரும், முழுதாக நம்ப முடியாதது

திரைக் குழுவோடு பெரும்பாலும் ஒலி விரட்டியும் வரும். கடல்நாயை மீன் பண்ணையிலிருந்து விரட்ட உண்டாக்கிய கருவி. 10–20 கிலோஹெர்ட்ஸில் அலறும். கடற்பன்றி இதற்கு அஞ்சி ஓடும் என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் விடாமல் நீந்தினால் 2.7 கிலோமீட்டர். திரை இல்லாத 10 கிலோமீட்டர் வட்டத்துக்கு அது எம்மாத்திரம்? திரையோடு சேர்த்தால்தான் இந்த ஓட்டம் பொருள்படும்.

விரட்டியைத் திடீரென்று முழுச் சத்தத்தில் தொடங்கக் கூடாது. அருகில் இருக்கும் விலங்கின் காதை அதுவே தாக்கும். முதலில் பிங்கர் என்ற மெல்லிய ஒலிக் கருவி, பிறகு விரட்டி, படிப்படியாக. மீனுக்கு இதனால் பலன் இல்லை. முக்குளிக்கும் வாத்துகளுக்கும் இல்லை. குளிர்காலத்தில் பால்டிக்கில் ஈடர் வாத்தும் நீள்வால் வாத்தும் கூட்டமாக இறங்கும்போது, பறவைகளைக் கண்ணால் பார்த்து எண்ணுபவர் ஒருவர் கப்பலில் இருக்க வேண்டும். இரவில் வெடிக்கக் கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம்.

சிறு வெடிகளைப் போட்டு மீனை விரட்டும் பழைய பழக்கத்தை இன்னும் யோசனையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெடியில் செத்து மிதக்கும் மீன், பறவைகளையும் கடல்நாய்களையும் விருந்துக்கு அழைக்கும். பெரிய வெடி அவற்றின் மேல் விழும். வேண்டவே வேண்டாம்.

மாற்று வழிகளோடு ஒப்பிட்டால்

வெடிக்காமல் எரிப்பது: 250 கிராம் அல்லது அதற்கும் குறைந்த ஒரு கூம்புச் சிறுவெடியைக் குண்டின் ஓட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதிலிருந்து பாயும் தாரை ஓட்டைத் துளைத்து உள்ளே தீ மூட்டும். மருந்து வெடிக்காமல் வேகமாக எரியும். ஓடு பிளந்து திறக்கும். கடலுக்குள் போகும் சத்தம் கிட்டத்தட்ட அந்தச் சிறுவெடியின் சத்தம் மட்டும். 300 கிலோவுக்கும் 250 கிராமுக்கும் இடையே அதே சூத்திரத்தில் 23 டெசிபல் வித்தியாசம். நீர் நிரம்பிய கல்குவாரியில் செய்த சோதனை அளவுகளும் 20 டெசிபலுக்கு மேல் குறைவதைக் காட்டின. நல்ல குமிழித் திரையைவிட இது மேல். கம்ப்ரசர் வரிசையும் வேண்டாம். பிரிட்டனில் 2025-இல் வந்த அரசு நிலைப்பாடு குறைந்த சத்த முறையையே முதல் தேர்வாக வைக்கிறது. சரியான முடிவு.

குறை என்ன? எரியாத மருந்துக் கட்டிகள் கடலடியில் சிதறும். சில சமயம் தீ வெடியாக மாறிவிடும். எனவே எங்கள் பரிந்துரை: எரிப்பு முறையைத் தேர்ந்தாலும், கடற்பன்றி மிகுந்த இடத்தில் திரையையும் விரித்து வைத்துக்கொண்டே செய்யுங்கள். எரிந்தபின் நீர்மூழ்கி ரோபோவை அனுப்பிக் கட்டிகளைப் பொறுக்கி எடுப்பது தனி வேலை என்று நினைக்காதீர்கள். அதே வேலையின் பகுதி அது.

அந்தக் கட்டிகள் ஏன் முக்கியம்? டி.என்.டி. நஞ்சு. ஜெர்மனியின் கீல் விரிகுடா அருகே கோல்பெர்கர் ஹைடே என்ற இடத்தில் பழைய கண்ணிவெடிகள் குவிந்து கிடக்கின்றன. அங்கே மட்டிகளைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டு, சதையில் என்ன ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஓடு முழுதாக இருந்த கண்ணிவெடிகளின் அருகே கிடைத்ததைவிட, முன்பு வெடித்துச் சிதறிய மருந்துத் துண்டுகளின் அருகே இருந்த மட்டிகளில் டி.என்.டி.யும் அதன் சிதைபொருட்களும் பல மடங்கு அதிகம். அதே இடத்தில் பிடித்த டாப் என்ற தட்டை மீன்களில் நான்கில் ஒன்றுக்கு ஈரலில் கட்டி. வெடித்தால் எல்லாம் எரிந்து தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அந்த மட்டிகளே சாட்சி. ஊறிப் பழசான மருந்து முழுதாக வெடிப்பதில்லை. குமிழித் திரை சத்தத்தைத் தடுக்கும், நஞ்சைத் தடுக்காது.

எடுப்பதே உத்தமம். பற்றவைப்பான் நிலை சரியா, ஓடு தூக்கத் தாங்குமா என்று வெடி நிபுணர் பார்த்து, தேவையானால் மணல் கலந்த உயரழுத்த நீர்த்தாரையால் பற்றவைப்பானை வெட்டி எடுத்து, கூடையில் ஏற்றி, எரிக்கும் உலைக்குக் கொண்டுபோவது. மெதுவான வேலை. லூபெக் விரிகுடாவில் 2024-இல் ஜெர்மனி இதைத் திட்டமிட்டுத் தொடங்கியது. அவசரத்துக்குக் குண்டு அகற்றுவது போய், கொட்டிய இடத்தை முறையாகச் சுத்தம் செய்யும் முயற்சி அது. அந்த அனுபவம் முதிர முதிரக் குமிழித் திரைக்கு வேலை குறைய வேண்டும்.

தள்ளிப் போடவும் முடியாது. ஓடுகள் துருப்பிடித்து மெலிகின்றன. கடல் சூடேறினால் துரு வேகமெடுக்கும், டி.என்.டி. சூடான நீரில் கூடுதலாகக் கரையும். பெரும்புயல் மணலைப் புரட்டினால் மூடிக் கிடந்தது திறக்கும். அடித்தட்டில் ஆக்சிஜன் வறண்டு, வெப்பத்தில் இரை இடம் மாறி ஏற்கனவே நலிந்த உயிர்கள்மேல்தான் இதுவும் விழுகிறது. பால்டிக்கின் மையப் பகுதியில் வாழும் கடற்பன்றி இனத்தில் மிஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. அங்கே ஒரு தவறான வெடி, ஓர் இனத்தின் கணிசமான பங்கு.

வாங்குபவர் கேட்க வேண்டியவை

வெடித்த பிறகு "வெற்றிகரமாக முடிந்தது" என்ற ஒரு வரி அறிக்கையை ஏற்காதீர்கள். குறைந்தது இரண்டு திசைகளில், 750 மீட்டரிலும் அதற்கு அப்பால் சில கிலோமீட்டரிலும் ஹைட்ரோஃபோன் (நீரடி ஒலிவாங்கி) வைத்து அளந்த பதிவு வேண்டும். ஒன்று நீரோட்டம் போகும் திசையில் இருக்கட்டும், திரை ஓட்டை விழுந்தால் முதலில் தெரிவது அங்கேதான். திரையோடும் திரை இல்லாமலும் ஒப்பிட, சில கிராம் சோதனை வெடி போதும்; பெரிய குண்டில் பரிசோதனை கூடாது. ஒவ்வொரு கம்ப்ரசரின் காற்றளவு, அழுத்தம், வெடித்த நொடியின் நீரோட்ட வேகம் ஆகிய மூன்றும் நேரத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். கடற்பன்றியின் கிளிக் ஒலியைப் பிடிக்கும் பதிவுக் கருவிகளை வெடிக்கு முன்பே வாரக்கணக்கில் இறக்கி வைத்து, வெடிக்குப் பின் எத்தனை நாளில் ஒலி திரும்பியது என்று பாருங்கள். கடல் அமைதியாக இருந்ததைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அமைதி என்றால் விலங்கு அங்கே இல்லை என்றும் பொருள்.

நாள் கணக்கையும் கேளுங்கள். ஒரு வளையத்தை இறக்கி, ஊதி, சோதித்து, வெடித்து, சுருட்டி எடுக்க ஒரு நாளின் பெரும்பகுதி போகும். நான்கு நாளில் 42 என்று எந்த அட்டவணையாவது சொன்னால், அதில் திரைக்கு இடமே இல்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

மதிப்பெண்

கடற்பன்றிக்குப் பத்துக்கு ஏழு. ஆழம் 30 மீட்டருக்குள், நீர் நின்ற வேளையில், காற்று போதிய அளவில் இருந்தால். மீனுக்கு மூன்று. கடலடி உயிர்களுக்குப் பூஜ்யம். நஞ்சைத் தடுக்கும் விதத்திலும் பூஜ்யம். குழுக்களிடையே தர வேறுபாடு மிகப் பெரிது. அதே குழாய், அதே கம்ப்ரசர், ஒருவர் கையில் காவல், இன்னொருவர் கையில் வெறும் நுரை.

எந்த வழியில் அகற்றினாலும், குண்டு போன இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. லூபெக் விரிகுடாவில் கிடக்கும் வி-1 பறக்கும் குண்டுகளின் வெடிமுனைகளைக் காமராவால் ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். அந்தத் துருப்பிடித்த உலோகத்தின்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 43,000 உயிர்கள்; சுற்றியிருந்த சேற்றில் 8,200. ஓடு பிளந்து வெளியே தெரிந்த மருந்துக் கட்டியின் மேலேயே நட்சத்திர மீன்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. நஞ்சு அவற்றுக்கு இனிக்கவில்லை. பற்றிக்கொள்ள உறுதியான பரப்பு அந்தச் சேற்றுவெளியில் வேறு கிடையாது. இருந்த கற்பாறைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டடத்துக்கும் துறைமுகத்துக்கும் மனிதர்கள் வாரிப் போய்விட்டார்கள். ஆகவே அகற்றும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: குண்டு எடுத்த ஒவ்வொரு இடத்திலும், கப்பல் திரும்பும் முன், அதே பரப்புக்குக் கல் இறக்க வேண்டும்.